முயல் இருந்த மலையைத் தேடிப் போன கதை: 14 மாதம், 90,000 ரூபாய்

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட அப்பா படத்துக்குக் கீழே இன்னொரு சின்னப் படம் இருக்கிறது. 2011இல் ஃப்ளோரிடாவில், டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவில் எடுத்தது. ஸ்பிளாஷ் மவுண்டன் என்ற ரைடில், மரத்தைக் குடைந்து செய்தது போன்ற ஒரு படகு மலை உச்சியிலிருந்து தண்ணீருக்குள் பாய்கிற நொடியில் அங்கே பொருத்தியிருக்கும் கேமரா தானாகவே எடுத்துவிடும். நான் வாயைப் பிளந்தபடி இருக்கிறேன். பக்கத்தில் அப்பா, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சிரிக்கிறார். அந்த ரைடு இன்று அமெரிக்காவில் பழைய முயல் கதையோடு இல்லை. அதில் இன்னொரு முறை ஏறிவிட வேண்டும் என்று அலைந்ததில் எனக்கு 14 மாதம் போயிற்று. பயணச் செலவை விடுங்கள், வீணாகப் போனது மட்டும் ஏறக்குறைய 90,000 ரூபாய். மதுரையில் உட்கார்ந்துகொண்டு இதையெல்லாம் யாரிடம் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை. என்னைப் போல வேறு யாராவது இருப்பீர்கள், உங்களுக்காகத்தான் இது.

அப்பா மில்லில் வேலை பார்த்தவர். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு, வருடம் தவறாமல் தமுக்கம் மைதானத்துப் பொருட்காட்சிக்கு எங்களைக் கூட்டிப் போவார். டெல்லி அப்பளம், மரணக் கிணறு, அப்புறம் ராட்டினம். என்னையும் அக்காவையும் ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, எங்கள் செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு கீழேயே அண்ணாந்து நிற்பார். அவர் ஒருநாளும் ஏறியதில்லை. தலை சுற்றும் என்பார். டிக்கெட் காசும் ஒரு காரணம் என்பது பெரியவனான பிறகுதான் எனக்கு உறைத்தது.

வேலை நிமித்தம் நான் ஃப்ளோரிடாவில் இருந்த காலத்தில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அம்மா பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அப்பா என்ன நினைத்தாரோ, "நானும் வர்றேன்டா" என்று வரிசையில் வந்து நின்றார். ஃப்ளோரிடாவில் அந்தப் படகில் இரண்டிரண்டு பேராகப் பக்கத்துப் பக்கத்தில் உட்காரலாம். கலிபோர்னியாவில் 1989இல் திறந்த முதல் ஸ்பிளாஷ் மவுண்டனில் ஒருவர் பின் ஒருவராகத்தான் உட்கார வேண்டும். நாங்கள் அங்கே போயிருந்தால் இப்படி ஒரு படமே கிடைத்திருக்காது.

அந்த ரைடு பத்து நிமிடத்துக்கும் மேல் போகும். படகு ஆற்றில் மெதுவாக மிதந்து குகைக்குள் நுழைய, இருபக்கமும் பொம்மைகள் பாடி ஆடும். நாயகன் ஒரு முயல். நரியும் கரடியும் அதைப் பிடித்துவிடுகின்றன. "என்ன வேண்டுமானாலும் செய், அந்த முள்ளுக்காட்டில் மட்டும் போட்டுவிடாதே" என்று முயல் கெஞ்சுகிறது. அதுதானே அது பயப்படுகிற இடம் என்று நரி அங்கேயே வீசுகிறது. முயல் பிறந்து வளர்ந்ததே முள்ளுக்காட்டில்தான், துள்ளிக் குதித்து ஓடிவிடுகிறது. 50 அடிக்கும் சற்று மேலேயிருந்து நாம் விழுகிறோமே, அதுதான் முயலை வீசுகிற இடம். அப்பாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரி புரிந்திருக்காது. ஆனால் பாதி வழியிலேயே என் தொடையைத் தட்டி, "தம்பி, உங்க அப்பத்தா சொல்லுமே, சிங்கத்தைக் கிணத்துக்குள்ள இறக்குன முயலு, அது இதுதான்டா" என்றார்.

விழுந்து எழுந்ததும் நெற்றி விபூதி சுத்தமாகக் கரைந்து போயிருந்தது. சட்டைப் பையிலிருந்து மீனாட்சி கோவில் விபூதிப் பொட்டலத்தை எடுத்தார். அது நனைந்து மாவாகி, காகிதத்தோடு ஒட்டிக் கிடந்தது. அதையே விரலில் வழித்துப் பூசிக்கொண்டு, "இன்னொரு தடவை போவமா?" என்றார். வரிசை 70 நிமிடம் என்று பலகையில் காட்டியது. அம்மா பசியோடு காத்திருந்தார். "அப்புறம் பார்த்துக்கலாம்பா" என்று சொல்லிவிட்டேன்.

2020 ஜூனில், கொரோனா அடைப்பின்போது செய்தி வந்தது. முயல் கதையை எடுத்துவிட்டு, 2009இல் வந்த 'இளவரசியும் தவளையும்' (The Princess and the Frog) படத்தின் டியானா கதையை வைக்கப் போகிறார்கள் என்று. தண்ணீர்ப் பாதை அப்படியே இருக்கும், பள்ளத்தில் விழுவதும் அப்படியே இருக்கும். பொம்மை, பாட்டு, கதை எல்லாம் வேறு. அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தங்கம் தியேட்டர் மாதிரி ஆக்கிட்டாங்களா?" என்று கேட்டார். தங்கம் தியேட்டர் 1952இல் திறந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் பெருமை பேசிய அரங்கம், இன்று அந்த இடத்தில் ஜவுளிக் கடை. அந்தப் பக்கம் பஸ் போகும்போதெல்லாம் அப்பா ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்ப்பார். எனக்கு அது வெறும் கடைதான். அவர் என்ன பார்த்தார் என்பது அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. அடுத்த வருடம், இரண்டாவது அலையில் அப்பா போய்விட்டார்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த கோபத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை முன்பின் தெரியாத ரசிகர்களோடு சேர்ந்து, மாற்றாதே என்று எழுதிக்கொண்டிருந்தேன். எதிர்த்தவர்களோடு சண்டை போட்டேன். யாரோ என் அப்பாவை எடுத்து வெளியே போடுகிறார்கள் என்பது போலத்தான் எனக்கு இருந்தது. கூட வேலை பார்த்த ஒரு கறுப்பின அம்மா, அட்லாண்டா பக்கத்துக்காரர், என் எழுத்தைப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தார். திட்டவில்லை. அந்த ரைடு எந்தப் படத்திலிருந்து வந்தது தெரியுமா என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாது. பத்து வருடமாக நேசித்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை.

தேடினேன். 'சாங் ஆஃப் தி சவுத்' என்று 1946இல் வந்த டிஸ்னி படம். அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய ஜார்ஜியாவில், ஒரு தோட்டத்தில் நடக்கிறது. அடிமைத்தனத்தின் ரணம் ஆறாத காலத்தை, கறுப்பின மக்கள் முதலாளி வீட்டில் பாடிக்கொண்டு சந்தோஷமாக இருந்ததாகக் காட்டும் படம். வந்த நாளிலிருந்தே கண்டனம் இருந்திருக்கிறது. அமெரிக்காவில் வீட்டில் போட்டுப் பார்க்கும் கேசட்டாகவோ டிஸ்க்காகவோ டிஸ்னி அதை வெளியிட்டதே இல்லை. அதில் முக்கிய வேடத்தில் நடித்த கறுப்பின நடிகர் ஜேம்ஸ் பாஸ்கெட்டுக்குப் பின்னாளில் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். ஆனால் நிறவெறிச் சட்டம் இருந்த அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு அவர் போகவில்லை. அதில் வரும் முயல் கதைகளும் அந்தக் கறுப்பின மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து மனதில் சுமந்து வந்தவைதான். எளியவன் வலியவனை ஏமாற்றித் தப்பிக்கிற கதை. அதனால்தான் எங்கள் அப்பத்தாவின் முயல் மாதிரி அப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது.

இதைப் படித்த பிறகு அந்த ரைடை மாற்றியது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் துக்கம் போகவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். உங்களுக்குப் பிடித்த ஒன்றை மாற்றுகிறார்கள் என்றால், எழுதுவதற்கு முன்னால் ஏன் மாற்றுகிறார்கள் என்பதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். ராத்திரியில் எழுதாதீர்கள். என் தூக்கம் ஒரு வருடத்துக்கு மேல் கெட்டது. அந்த நேரத்தில் அப்பாவைப் பற்றி நாலு பக்கம் எழுதி வைத்திருந்தால் என் மகளுக்காவது உதவியிருக்கும்.

2022 கடைசியில் இன்னொரு அடி. கூடத்தில் இருந்த படத்தைத் துடைக்கும்போது ஓரத்தில் பூஞ்சை பிடித்திருப்பதைப் பார்த்தேன். சட்டத்தைக் கழற்றினால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. மெல்ல உரித்தேன். அப்பாவின் இடது தோள், சட்டையோடு, கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. டவுன் ஹால் ரோட்டில் ஒரு ஸ்டூடியோவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அண்ணே, கண்ணாடியோடவே ஸ்கேன் எடுத்திருக்கலாமே, எதுக்கு உரிச்சீங்க?" என்றார் அந்தத் தம்பி. மிச்சத்தை அப்படியே எடுத்துச் சரிசெய்து கொடுத்தார். தோள் இப்போது கணினியில் வரைந்த தோள். வீட்டில் பழைய படம் கண்ணாடியில் ஒட்டியிருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள். ஒட்டாத படங்களை இன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சட்டம் போடும்போது படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஓரமாக ஓர் அட்டை வைக்கச் சொல்லுங்கள், படம் கண்ணாடியைத் தொடக் கூடாது.

அதே டிசம்பரில் தேதியை அறிவித்தார்கள். ஃப்ளோரிடாவில் 2023 ஜனவரி 22 கடைசி நாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. பழைய வேலை விசா எப்போதோ காலாவதியாகிவிட்டது. சுற்றுலா விசா நேர்காணலுக்குச் சென்னையில் காத்திருப்பு அப்போது ஒரு வருடத்தையும் தாண்டி இருந்தது. விண்ணப்பக் கட்டணம் 160 டாலர், ஏறக்குறைய 13,000 ரூபாய், கட்டிவிட்டேன். ஓர் ஏஜெண்ட், அவசரத் தேதி வாங்கித் தருகிறேன், 25,000 கொடுங்கள் என்றார். கொடுத்தேன். இரண்டு வாரம் "இன்னைக்கு வந்துரும் சார்" என்றார், அப்புறம் ஃபோனை எடுக்கவே இல்லை. அவசர நேர்காணல் என்பது மருத்துவம், நெருங்கிய உறவினர் சாவு மாதிரியான காரணங்களுக்குத்தான். ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறவருக்குக் கிடைக்காது. இது தூதரகத்தின் இணையப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. காசு கொடுத்தால் தேதி பிடித்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். நேர்காணலுக்கே போகாவிட்டாலும் கட்டிய கட்டணம் திரும்பாது.

கடைசி நாள் காட்சிகளை வீட்டிலிருந்து பார்த்தேன். மணிக்கணக்கில் வரிசை. ஆற்றுத் தண்ணீரைப் புட்டியில் பிடித்து இணையத்தில் விற்றார்கள், அதைப் பார்த்து உலகமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழகர்கோவிலுக்குப் போனால் நூபுர கங்கைத் தீர்த்தத்தைக் கேனில் பிடித்துவந்து வீட்டில் வைக்கிற ஊர்க்காரன் நான். எதற்காகப் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தண்ணீரை நான் வாங்கவில்லை. ஆனால் 1992இல் அந்த ரைடு ஃப்ளோரிடாவில் திறந்தபோது அச்சிட்டது என்று சொல்லி ஒருவர் விற்ற வரைபடத்தை வாங்கினேன். அனுப்பும் செலவு, சுங்கம் எல்லாம் சேர்த்து 11,500 ரூபாய். பிரித்துப் பார்த்தால் கலர் பிரிண்ட். மடிப்புக் கோடுகூட அச்சிலேயே வந்திருக்கிறது, விரலால் தடவினால் தாள் வழுவழு என்று இருக்கிறது. ஒரு ரைடு மூடும் நேரத்தில் இந்தச் சந்தை சூடுபிடிக்கும். ஆறு மாதம் பொறுங்கள். மடிப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

கலிபோர்னியாவிலும் 2023 மே 30ஆம் தேதியோடு முடிந்தது. மிச்சம் டோக்கியோ. டோக்கியோ டிஸ்னிலேண்டை ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் உரிமம் வாங்கி நடத்துகிறது. அதனால் அமெரிக்காவில் எடுத்த முடிவு அங்கே தானாகப் பாயவில்லை. 1992இல் திறந்த முயல் மலை அங்கே அப்படியே இருக்கிறது. என் மனைவி, "போயிட்டு வாங்க, இல்லைன்னா இது உங்களை விடாது" என்றாள். குழந்தைக்கு மூன்று வயதுதான், அதனால் தனியாகத்தான் கிளம்பினேன். ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் ஐந்து நாள் திட்டம் போட்டேன். நான் போவதே அந்த ஒரு ரைடுக்குத்தான் என்று வாயால் மூன்று தடவை சொன்னேன். "எல்லா ரைடும் சேர்த்திதான் சார்" என்றார். மதுரையிலிருந்து கொழும்பு போய், அங்கிருந்து டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம். அடுத்த நாள் காலையிலேயே மைஹாமா ஸ்டேஷனில் இறங்கிப் பூங்காவுக்குள் ஓடினேன்.

மலை நின்றது, தண்ணீர் இல்லை. சுற்றிலும் தடுப்பு வைத்திருந்தார்கள். பராமரிப்புக்காக மூடியிருக்கிறார்கள். பூங்கா யாரையும் ஏமாற்றவில்லை, எந்த ரைடு எந்தத் தேதிகளில் ஓடாது என்று தங்கள் இணையப் பக்கத்தில் ஆங்கிலத்திலேயே முன்கூட்டிப் போட்டிருக்கிறார்கள். ஏற்பாட்டாளரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. பணியாளர் பெண் ஒருத்தி தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, கைபேசியில் திறக்கும் தேதியைக் காட்டினாள். நான் ஊருக்குக் கிளம்பும் நாளுக்கு மறுநாள். தடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மொழி தெரியாத ஊரில், குளிரில், பக்கத்தில் ஆள் இல்லாமல் அழுவது தனிக் கஷ்டம். அன்றைக்கு வேறு எதிலும் ஏறவில்லை. நுழைவுச்சீட்டு 9,400 யென், ஏறக்குறைய 5,300 ரூபாய், அப்படியே போனது.

ராத்திரி மனைவியிடம் பேசிவிட்டு டிக்கெட்டைத் தள்ளிப் போட்டேன். மாற்றுக் கட்டணமும் கூடுதல் விலையும் 21,000. கூடுதலாக இரண்டு ராத்திரி அறைக்கு 14,000. இனி யாராவது போவதாக இருந்தால் வரிசை இதுதான்: முதலில் ரைடு மூடும் தேதிகள், அடுத்து பூங்கா டிக்கெட், கடைசியில் விமானம். நான் தலைகீழாகச் செய்தேன். ஏற்பாட்டாளரிடம் பேசும்போது ரைடின் பெயரைப் போட்டு, இந்தத் தேதியில் ஓடுகிறதா என்று எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பூங்காவுக்குப் போகும் நாளை முதல் நாள்களிலேயே வையுங்கள், கடைசியில் ஒருநாள் காலியாக விடுங்கள். மழைக்கும் பழுதுக்கும் அந்த ஒருநாள் கைகொடுக்கும். டோக்கியோவில் இன்னொரு பழைய ரைடான ஸ்பேஸ் மவுண்டனையும் 2024 ஜூலை 31ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். புதிதாகக் கட்டி 2027இல்தான் திறக்கிறார்களாம். அதற்காகப் போகிறவர்கள் கவனிக்கவும்.

திறந்த அன்று ஏறினேன். "ஒருவரா?" என்று ஒற்றை விரலைக் காட்டிக் கேட்டார்கள். இரண்டாவது வரிசை, பக்கத்து இடம் காலி. விபூதிப் பொட்டலத்தை இந்தத் தடவை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன். குகைக்குள் நுழைந்ததும் முயலும் நரியும் ஜப்பானிய மொழியில் பேச ஆரம்பித்தன. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஃப்ளோரிடாவில் அப்பா இப்படித்தானே உட்கார்ந்திருந்தார் என்று சட்டென்று தோன்றியது. மொழி புரியாமல், பொம்மைகளின் முகத்தையும் நரியின் கையையும் மட்டும் பார்த்துக்கொண்டு, இது முயல் கதைதான் என்று கண்டுபிடித்திருக்கிறார். உச்சிக்கு ஏறும் இடத்தில் இரண்டு கழுகுகள் குனிந்து நம்மைப் பயமுறுத்தும். அங்கேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. 16 மீட்டர், 45 டிகிரிச் சரிவு. கீழே வந்ததும் வெளியே போகாமல், திரும்ப வரிசையில் போய் நின்றேன். 55 நிமிடம். இரண்டாவது தடவையும் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது.

2024 ஜூன் 28இல் ஃப்ளோரிடாவில் டியானாவின் ரைடு திறந்தது. முழுதாகப் பதிவு செய்த காட்சியை மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு சொல்வதல்ல இது, பொம்மைகள் அற்புதம். முகத்தின் அசைவு பழைய ரைடில் இப்படி இருக்கவில்லை. நியூ ஆர்லியன்ஸின் இசையை ஒவ்வொரு வளைவிலும் வைத்திருக்கிறார்கள். டியானா பாத்திரத்துக்குத் தூண்டுகோலாக இருந்தவர் அந்த ஊரின் புகழ்பெற்ற சமையல்காரர் லியா சேஸ். ஒரு கறுப்பினப் பெண்ணின் உழைப்பை அதே மலையில் கொண்டுவந்து வைத்தது எனக்குச் சரியாகவே படுகிறது. என் குறை வேறு. பழைய ரைடில் முயலைக் கட்டிப் போட்டிருப்பார்கள், கழுகு மிரட்டும், அப்புறம் விழுவோம். விழுவதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. புதியதில் விருந்துக்கு இசைக்கலைஞர்களைத் தேடிப் போகிறோம், 'மாமா ஓடி' (Mama Odie) என்ற மந்திரக்காரப் பாட்டி நம்மைத் தவளை அளவுக்குச் சின்னதாக்குகிறார், பிறகு பெரிதாக விழுகிறோம். படத்து வில்லன் இதில் வரவே இல்லை. பயம் இல்லாமல் விழுந்தால் அந்த 50 அடியில் பாதி குறைந்துவிடுகிறது. பழைய ரசிகர்கள் நிறையப் பேருக்கு இதே வருத்தம், அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் இன்னும் நினைக்கிறேன்.

மகளுக்கு இந்தக் குறையெல்லாம் கிடையாது. ட்ரம்பெட் வாசிக்கும் முதலையைப் பார்த்து எழுந்து ஆடினாள். 'இளவரசியும் தவளையும்' படத்தில் டியானாவின் அப்பா, மகளோடு சேர்ந்து ஓர் உணவகம் திறக்க ஆசைப்பட்டு, அது நடக்கும் முன்பே இறந்துபோவார். அந்த இடம் வரும்போதெல்லாம் என் மகள் கூடத்துப் படத்தைத் திரும்பிப் பார்க்கிறாள், யார் சொல்லிக் கொடுத்ததென்று தெரியவில்லை. "தாத்தா விழுந்த மலைக்கு எப்பப்பா போறோம்?" என்று கேட்கிறாள். தாத்தாவின் முயல் கதையைத் தினமும் இரவில் சொல்கிறேன், அதையும் கேட்டுக்கொள்கிறாள்.

சிறு பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர்கள் உயரத்தையும் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டோக்கியோ முயல் மலைக்கு 90 சென்டிமீட்டர் இருந்தால் போதும். ஃப்ளோரிடாவில் 40 அங்குலம், அதாவது 102 சென்டிமீட்டர். போன ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக் கதவு நிலையில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போட்டோம். 98 வந்தது. இன்னும் நாலு சென்டிமீட்டர் என்று சொன்னதிலிருந்து தட்டில் கீரையை மிச்சம் வைப்பதில்லை. விசாவுக்கு இந்தத் தடவை நானே விண்ணப்பித்திருக்கிறேன், ஏஜெண்ட் யாரும் இல்லை.